பெரியம்மா கேட்ட கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆடிப்பெருக்கு அன்று, திருச்சியில் பெரியம்மா வீட்டில் கூடியிருந்தோம். காலையில் பெண்கள் எல்லோரும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், காவிரிக்குப் படைத்துவிட்டுப் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். புளிசாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று சாப்பிட்டு முடித்து, கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்த நேரம். சித்தப்பா மகன் போனில் ஒரு வீடியோவைச் சத்தமாக ஓடவிட்டான். ஒரு நடிகரும் நடிகையான அவர் மனைவியும் பிரிகிறார்கள் என்று செய்தி வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த வீடியோ செய்ததையே நானும் செய்வதாக ஆகிவிடும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், அந்த வீட்டுக்குள் கூடவே குடியிருந்தவர் மாதிரி, எந்த மாதம் எந்தச் சண்டை வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "எங்க காலத்துல இப்படியெல்லாம் கேள்விப்பட்டதே இல்லையே தம்பி. இப்ப மட்டும் ஏன் தினம் ஒண்ணு வருது?"

பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமா என்ன. பணம் சேர்ந்தால் புத்தி மாறிவிடும் என்றார் சித்தப்பா. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார் மாமா. "புள்ளைங்களை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்திருப்பாளா?" என்றார் அத்தை. நானும் என் பங்குக்கு, "சினிமாக்காரங்க கல்யாணம் எத்தனை நாளைக்கு நிக்கும் பெரியம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவின் மகள், என்னைவிட நாலு வயது மூத்த அக்கா, கீழே செய்தித்தாளை விரித்து, சாயங்கால வடைக்கு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு பூவாகப் பிரித்து, கள்ளனை இழுத்துப் போட்டுவிட்டு, பூவை மோர்த் தண்ணீரில் போட்டாள். விரல் நுனியெல்லாம் கறை ஏறியிருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. வாழைப்பூ ஆய்கிறவர்கள் பேச மாட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பேச்சு அப்புறம் வேறு எங்கேயோ போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு ஊருக்கு வந்தது. உண்மையிலேயே பெருகிவிட்டதா? பெருகிவிட்டது என்றால், பெருகியது எது?

சங்கிலியாண்டபுரத்தில் இருப்பவர்

முதலில் பெரியம்மா சொன்ன "எங்க காலத்துல". அவர் இருக்கும் அதே திருச்சியில், சங்கிலியாண்டபுரத்தில்தான் அந்தக் காலத்துப் பெரிய நடிகரும் பாடகருமான தியாகராஜ பாகவதர் அடக்கமாகியிருக்கிறார். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்பதை நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பெரும்பகுதி அவர் சிறையில் இருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

லட்சுமிகாந்தன் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 'சினிமா தூது' என்று அவர் நடத்திய ஒரு பத்திரிகை. நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன் உள்ளிட்டவர்கள் கவர்னரிடம் மனுக் கொடுத்து அதை நிறுத்த வைத்தார்கள். லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற இன்னொரு பத்திரிகையில் அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் தீவாந்தர தண்டனை, அதாவது நாடு கடத்தும் ஆயுள் தண்டனை, விதிக்கப்பட்டது. அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் விடுதலை ஆனார்கள். பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவேயில்லை. 1959இல் இறந்துபோனார். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

ஆக, எண்பது வருடங்களுக்கு முன்னாலேயே இது இருந்தது, ஊரே அதைப் படித்தது. ஒரு வித்தியாசத்தைத்தான் நான் ரொம்ப நாள் கவனிக்காமல் இருந்தேன். லட்சுமிகாந்தனுக்கு அச்சடித்த பிரதி விற்ற காசு ஒரு பக்கம் என்றால், எழுதாமல் இருப்பதற்காக வாங்கிய காசு இன்னொரு பக்கம். தன்னைப் பற்றி வந்துவிடுமோ என்று பயந்தவர்கள் கொடுத்தார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். அந்தத் தொழிலில் வாயை மூடிக்கொள்வதற்கும் ஒரு விலை இருந்தது. வெளியே வந்த ஒரு கதைக்குப் பின்னால் வெளியே வராத எத்தனையோ கதைகள் கிடந்தன. பெரியம்மா கேள்விப்படாமல் போனவை அவைதான்.

அப்புறம் வந்தது கிசுகிசு. மூன்றெழுத்து நாயகியும் உயரமான நாயகனும் ஊட்டியில், என்கிற மாதிரி. பெயர் போட்டால் மானநஷ்ட வழக்கு வரும் என்ற பயத்தில் பிறந்த வடிவம் அது. வாரத்துக்கு ஒரு பக்கம்தான். அதைப் படித்துவிட்டு யாராக இருக்கும் என்று டீக்கடையில் விடுகதை போடுவார்கள், அடுத்த வாரம் வேறு விடுகதை வந்துவிடும். படக்கம்பெனிக்கும் பத்திரிகைக்கும் நடுவில் பி.ஆர்.ஓ. என்று ஒருவரும் இருந்தார். 1958இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் அந்த வேலையைச் செய்ததிலிருந்து தொடங்கிய வழக்கம் என்பார்கள். ஒரு நடிகரைப் பற்றி எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று பார்க்க ஆள் இருந்த காலம் அது. அது நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

எட்டு நிமிடக் கணக்கு

இன்றைக்கு அந்த ஆளும் இல்லை, வாரம் ஒரு பக்கம் என்ற கணக்கும் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா தண்ணீர் விலைக்கு வந்தது. பெரியம்மா கைக்கே போன் வந்தது அதற்குப் பிறகுதான். பிரபலம் என்றால் யார் என்பதும் மாறிவிட்டது. முன்பு நாற்பது ஐம்பது சினிமா முகங்கள். இப்போது பிக் பாஸ் வீட்டுக்குள் போய் வந்தவர்கள், சீரியல் நடிகர்கள், யூட்யூபில் சமைக்கும் தம்பதிகள், இன்ஸ்டாகிராமில் குழந்தையோடு ஆடுகிறவர்கள் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் நூறு பேர் இருக்கிறார்கள். நூறு வீட்டிலும் சண்டை வரத்தான் செய்யும். முன்பு பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்தது, இப்போது எல்லோருக்கும் தெரிகிறது.

ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது காசு வரும் வழி. யூட்யூபில் ஒரு முழு நீள வீடியோவுக்கு வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் அதைப் போட்டவருக்கு. வீடியோ 8 நிமிடம் இருந்தால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். முன்பு 10 நிமிடமாக இருந்ததை 2020இல் எட்டாகக் குறைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அன்று கூடத்தில் ஓடிய வீடியோவை மறுபடி தேடி நீளத்தைப் பார்த்தேன். எட்டே முக்கால் நிமிடம். செய்தி என்று பார்த்தால் ஒரே வரி: இருவரும் பிரிவதாக அறிக்கை விட்டிருக்கிறார்கள், தங்கள் அந்தரங்கத்தை மதிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மிச்ச எட்டரை நிமிடத்தை எதை வைத்து நிரப்புவது? சந்தேகத்தை வைத்து, பழைய பேட்டியில் அவள் முகம் வாடியிருந்ததை வைத்து, 'நெருங்கிய வட்டாரத்தை' வைத்து. லட்சுமிகாந்தனுக்குச் சும்மா இருந்தாலும் காசு வந்தது. இவர்களுக்குச் சும்மா இருந்தால் ஒரு பைசா வராது. தினம் ஒன்று வந்தாக வேண்டும். நிஜமாக ஒன்றும் நடக்காத நாளிலும் வந்தாக வேண்டும்.

நடக்காததைக்கூடச் செய்து கொடுக்கிறார்கள். 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் வருவது போல ஒரு வீடியோ பரவியது. உடம்பு வேறொரு பெண்ணுடையது, முகத்தை மட்டும் கம்ப்யூட்டர் வைத்து மாற்றியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஆந்திராவில் ஓர் இளைஞரை டெல்லி போலீஸ் பிடித்தது. அவர் ராஷ்மிகாவின் ரசிகர் பக்கம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர். பின்தொடர்கிறவர்களைக் கூட்டுவதற்காகத்தான் செய்தார் என்று போலீஸ் சொன்னது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. இதைச் செய்தவர் அவர்மேல் பகை உள்ளவர் இல்லை, ரசிகர்.

2020 ஜூன் 14 அன்று இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தபோது எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். அந்த மூன்று நான்கு மாதம் வட இந்தியச் சேனல்கள் அவருடைய காதலி ரியா சக்ரவர்த்தியை என்ன பாடு படுத்தின என்று நினைவிருக்கும். அந்தப் பெண் வீட்டுக்கு உணவு கொண்டுவந்த பையனைக்கூட மைக்கை நீட்டி மறித்தார்கள். செப்டம்பரில் போதைப்பொருள் வழக்கில் கைதாகி, ஏறக்குறைய நான்கு வாரம் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தார். அது கொலை இல்லை என்று எய்ம்ஸ் மருத்துவக் குழு அந்த அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் சி.பி.ஐ. விசாரணையை முடித்து அறிக்கை கொடுத்தது. அதிலும் சதி ஏதும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த முடிவு வந்த அன்று எந்தக் கூடத்திலும் யாரும் அதைச் சத்தமாக ஓடவிட்டிருக்க மாட்டார்கள். நானே போகிற போக்கில் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டேன். 2020இல் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தவன்தான் நான்.

ஒரே பையில் இரண்டு

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பு. பெருகிவிட்டது என்று நாம் சொல்வதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மேலே சொன்னது. இன்னொன்று, இத்தனை வருடம் அமுக்கி வைத்த உண்மை வெளியே வருவது.

கேரளத்தில் 2017இல் ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்ட பிறகுதான் சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய நீதிபதி ஹேமா தலைமையில் கமிட்டி போட்டார்கள். அறிக்கையை 2019 டிசம்பர் 31 அன்று அரசிடம் கொடுத்தார்கள். வெளியே வந்தது 2024 ஆகஸ்ட் 19 அன்று, அதுவும் சில பகுதிகளை எடுத்துவிட்டு. நாலரை வருடம் அது அலமாரியில் இருந்தது. வெளியே வந்த ஒரு வாரத்தில் நடிகர் சங்கமான 'அம்மா'வின் நிர்வாகக் குழுவே ராஜினாமா செய்தது. அந்த ஆகஸ்ட் மாதம் டிவியைப் பார்த்தவர்களுக்குத் திடீரென்று மலையாள சினிமாவில் அக்கிரமம் பெருகிவிட்ட மாதிரி இருந்திருக்கும். நடந்தது பல வருடங்களாக. கேட்கக் கிடைத்தது மட்டும் அந்த மாதம். பி.ஆர்.ஓ.க்களும் சங்கங்களும் காவல் இருந்த பழைய காலத்தை நல்ல காலம் என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். அந்தக் காவல் யாருடைய மானத்தைக் காத்தது என்று பார்க்க வேண்டுமில்லையா?

இங்கேயும் 2018 அக்டோபரில் பாடகி சின்மயி தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லை பற்றிப் பேசினார். அடுத்த மாதமே டப்பிங் யூனியனிலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது யூனியன் சொன்ன காரணம். தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்கிற பெண்ணின் குரலும், ஒரு தம்பதி ஏன் பிரிந்தார்கள் என்று ஊகம் செய்யும் குரலும் ஒரே திரையில், ஒரே மாதிரி சிவப்பு அம்புக்குறி போட்ட படத்தோடு வருகின்றன. நமக்கும் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. முன்னதைக் கேட்டால் விளம்பரத்துக்காகப் பேசுகிறாள் என்கிறோம். பின்னதை ஆதாரம் கேட்காமல் நம்புகிறோம். எனக்கு இதில் வரும் கோபம் அடங்குவதே இல்லை.

இவற்றைப் பிரித்துப் பார்க்க நம் மண்ணிலிருந்து போன ஒரு வழக்கே வழி சொல்லியிருக்கிறது. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்த வழக்கு. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. பதவியில் இருப்பவர் தன் கடமையில் செய்ததை எழுதக் கூடாது என்று முன்கூட்டித் தடுக்க முடியாது. அதே சமயம், ஒருவருடைய குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு இவற்றைப் பொது ஆவணத்தில் இல்லாத நிலையில் அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. முப்பது வருடமாக இருக்கிற தீர்ப்பு. நம் போன் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

வாழைப்பூ

இவற்றில் சிலவற்றை மட்டுமே படித்திருந்தபோதே, பெரியம்மாவுக்கு ஒரு பதில் தயாராகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்த ஆடிக்குப் பிறகு வந்த மார்கழியில் அக்கா போன் செய்தாள். ராத்திரி பத்தரை இருக்கும். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. அம்மாவுக்கு இன்னும் தெரியாது" என்று ஆரம்பித்தாள். அவளும் அத்தானும் பிரிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அத்தான் வேலைக்காக ஹைதராபாத் போயிருக்கிறார் என்று எங்களிடம் சொல்லி வைத்திருந்தாளே, அது பொய். வக்கீலைப் பார்த்துவிட்டாள், குடும்ப நீதிமன்றத்தில் மனுவும் போட்டாகிவிட்டது.

ஒரு வருடம் என்றால், அந்த ஆடிப்பெருக்கு அன்று எட்டு மாதம் ஆகியிருந்திருக்கிறது. அன்று காலையில் படித்துறையில் எல்லோரோடும் நின்று மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவள் அவள். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டது முட்டாள்தனம். கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குச் சொல்லலாம்னுதான் வந்தேன். சாப்பாடு முடியட்டும், எல்லாரும் உக்காரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் நீங்க எல்லாரும் அந்தப் பொண்ணைப் பத்திப் பேச ஆரம்பிச்சீங்க."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவிருந்தது. அவளுக்கும் நினைவிருக்கும். அதை அவள் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்.

"அந்த நடிகை வீடியோ அத்தனைக்கும் கீழ வந்த கமெண்டு ஒண்ணு விடாமப் படிச்சேன்டா. ராத்திரி ரெண்டு மணி மூணு மணி வரைக்கும். இவங்க அவளைச் சொல்றதைத்தானே நாளைக்கு என்னையும் சொல்வாங்கன்னு. முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா அப்போ வலிக்காதுல்ல."

இந்த வரி என்னை விட்டுப் போகவில்லை. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து, பயந்துபோய் அந்தக் கமெண்டுகளைத் தள்ளித் தள்ளிப் படித்தவளையும் அந்த வீடியோவை ஆவலோடு பார்த்தவளாகத்தான் யூட்யூப் எண்ணியிருக்கும். ஒருத்தி இரண்டு மணி வரை விடாமல் இருக்கிறாள் என்றால் அவளுக்கு இதுதான் வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதே மாதிரி இன்னொன்றை அனுப்பியிருக்கும். பார்ப்பவர் சிரிக்கிறாரா, அழுகிறாரா, அருவருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. பத்துப் பேர் கூடத்தில் சிரித்தபடி பார்த்ததும், அக்கா பயந்தபடி பார்த்ததும் ஒரே எண்ணில் சேர்ந்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மறுநாள் ஒருவர் மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்கிறார்.

பிரபலங்களைப் பற்றிப் பேசினால் யாருக்கு என்ன நஷ்டம், அவர்களுக்குத்தான் பணமும் புகழும் இருக்கிறதே என்று நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது என்னால் சொல்ல முடியாது. அந்த நடிகைக்கு நாங்கள் பேசியது கேட்டிருக்காது. கேட்டது அக்காவுக்கு. யாரோ ஒரு நடிகையைப் பற்றிப் பேசும்போது, நம் வீட்டுப் பெண்ணுக்கு அதே நிலை வந்தால் நாம் என்ன சொல்வோம் என்பதை அவள் எதிரிலேயே ஒத்திகை பார்த்துக் காட்டிவிடுகிறோம்.

பெரியம்மாவிடம் தை மாதம் அக்காவே நேரில் போய்ச் சொன்னாள். நானும் கூடப் போயிருந்தேன். பெரியம்மா அழுதார், நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பிறகு எழுந்து அக்காவுக்குப் பிடித்த கத்தரிக்காய் கொத்சு வைத்தார். இந்த வருடம் சித்திரையில் மறுபடி எல்லோரும் கூடினோம். அக்காவும் வந்திருந்தாள். சித்தப்பா மகன் வழக்கம்போலப் போனைத் திறக்க, வேறொரு ஜோடி, வேறொரு பிரிவு. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியம்மா கையை நீட்டி அவனிடமிருந்து போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்தப் பெண்ணின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா தம்பி?"

தெரியாது பெரியம்மா என்றேன். போனில் தேடிப் பார்க்கவும் இல்லை.